பீச்சாங்கை வெட்டு

என் தங்கச்சி புருஷனுக்கு மயில்வாகனம் என்று பெயர். எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிசனில் அந்தப் பெயரைச் சொல்லி அவனைக் கூப்பிடுகிறவர் கணக்கப்பிள்ளை ஒருவர்தான், அதுவும் காலையில் வேலைக்கு ஆள் எடுக்கிற பெரட்டில் பேர் கூப்பிடும்போது மட்டும். மற்ற எல்லாருக்கும் அவன் பீச்சாங்கை மயிலு. பிறவியிலேயே இடது கைக்காரன். சோறு மட்டும் வலது கையால் சாப்பிடுவான். அதுவும் அவன் அம்மா அகப்பையால் அடித்துப் பழக்கியது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அவன் இடது கையை முதுகோடு சேர்த்துக் கட்டிவிட்டு எழுதச் சொன்னாராம். மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டான். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

தெமோதரை ஸ்டேசனிலிருந்து மலையேறினால் எங்கள் தோட்டம். நாங்கள் இரண்டு பேரும் கவ்வாத்துக்காரர்கள். தேயிலையைச் சும்மா விட்டால் மரமாகிவிடும். சில வருஷத்துக்கு ஒரு தடவை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட வேண்டும். அதுதான் கவ்வாத்து. வளைந்த கத்தியால் ஒரே வீச்சு. வெட்டுவாய் சரிவாக இருக்க வேண்டும், மழைத்தண்ணீர் தங்கினால் செடி உளுத்துவிடும். ஒரே ஒரு கொப்பை வெட்டாமல் விடுவோம். புதுத் தளிர் வரும்வரை செடி மூச்சுவிட அது வேண்டும்.

வலது கைக்காரன் வெட்டினால் சரிவு ஒரு பக்கம் விழும், விட்ட கொப்பும் ஒரே பக்கம் நிற்கும். மயிலு வெட்டினால் எல்லாம் தலைகீழ். எங்கள் நிரைகளில் செடிகள் எல்லாம் பதுளைப் பக்கம் பார்த்து நிற்கும். அவன் நிரை மட்டும் தலையைத் திருப்பிக்கொண்டு, எதிரே எல்ல என்கிற ஊர்ப் பக்கம் பார்க்கும். எதிர் மலையில் நின்று பார்த்தால்கூட அது தெரியும்.

"ஏன்டா, ஒன் நெரை மட்டும் கோவிச்சுக்கிட்ட மருமகனாட்டம் நிக்குது?" என்று கணக்கப்பிள்ளை கேட்பார்.

"அதுக்கு எல்லயில பொண்ணு பாத்திருக்குங்கய்யா" என்பான் மயிலு.

இதைச் சொல்லி நாங்கள் பல வருஷம் சிரித்திருக்கிறோம்.

சண்டை முடிவதற்கு முந்தின வருஷம் அவனைப் பிடித்தார்கள். வடக்கே செல் குண்டு விழுந்துகொண்டிருந்தது. இங்கே எந்த பஸ்ஸில் எந்தப் பையில் என்ன இருக்கும் என்று எல்லாருக்கும் பயம். ரயில் பாதையையும் பாலத்தையும் காவல் காக்க, மூடிக் கிடந்த ஒரு பழைய தேயிலை ஃபேக்டரியில் கேம்ப் போட்டிருந்தார்கள். அது எங்கள் தோட்டத்துக்குக் கீழே, கண்ணுக்கு எட்டும் தூரத்தில்.

பண்டாரவளைச் சந்தைக்குப் போன மயிலுவை வழியில் செக்கிங்கில் இறக்கினார்கள். வவுனியாவுக்குப் போயிருக்கிறாயா என்று கேட்டிருக்கிறார்கள். போயிருக்கிறேன் என்றான். அங்கே யார் இருக்கிறார்கள்? அக்கா. எழுபத்தேழு கலவரத்தில் அந்தப் பக்கம் போய்க் குடியேறியவர்கள். அக்கா மகன் என்ன செய்கிறான்? அவனை இயக்கம் பிடித்துக்கொண்டு போய்விட்டது. இவ்வளவையும் யாரும் அடிக்காமலே சொல்லிவிட்டான். கேட்டதற்குப் பதில் சொல்வதுதான் மரியாதை என்று நினைத்திருந்தவன் அவன்.

நானும் என் தங்கச்சி அன்னலட்சுமியும் போகாத இடமில்லை. போலீஸில் கேட்டோம். அப்படி ஒருவர் இல்லை என்றார்கள். கேம்ப் வாசலில் கேட்டோம், இல்லை. தோட்டத்து யூனியன் தலைவர் போய்க் கேட்டார், இல்லை. தோட்டத்துத் தொரை டெலிபோனில் கேட்டார், அவருக்கும் அதே பதில்தான்.

நாங்கள் குடியிருக்கிற லயத்தில் பெண்கள் அவளைப் பார்க்கும்போது முகத்தைப் பார்க்காமல் கழுத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். பெரியம்மா முறையுள்ள ஒருத்தி ஒருநாள் காரியம் செய்துவிட்டால் அவன் ஆத்துமா அலையாது என்று பேச்சை எடுத்தாள். அன்னலட்சுமி அடுப்பைவிட்டு எழுந்திருக்கவே இல்லை.

"பொணத்தக் கொண்டாந்து காட்டுங்க பெரியம்மா. அறுத்துத் தாரேன்" என்றாள்.

கேம்புக்குள் நடந்ததை மயிலு பிற்காலத்தில் எனக்குத் துண்டு துண்டாகத்தான் சொன்னான். அதுவும் கவ்வாத்து வெட்டும்போது, என் பக்கம் திரும்பாமல்.

தேயிலை சலிக்கிற அறையில் சில பேரைப் போட்டிருந்தார்கள். தரையில் பழைய தேயிலைத் தூள் அப்படியே கிடந்ததாம். படுத்தால் மூக்கில் ஏறும். ஆரம்பத்தில் தினமும் மேல்மாடிக்குக் கூட்டிப் போய் அக்கா மகனைப் பற்றிக் கேட்டார்கள். அங்கே என்ன செய்தார்கள் என்பதை அவன் சொல்லவில்லை. மழைக்கு இப்போதும் அவன் தோள்பட்டை தூக்க வராது.

அவ்வப்போது கொழும்புப் பக்கமிருந்து ஜன்னல் அடைத்த ஒரு வண்டி வரும். ஏற்றிப் போனவர்களைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேச மாட்டார்கள்.

காவலுக்கு இருந்தவர்களில் ஒருவன் குணபண்டா. ஊர்காவல் படைக்காரன். கேம்புக்குக் கீழேயுள்ள சிங்களக் கிராமம். தோட்டத்துக்குப் பக்கத்திலேயே வளர்ந்ததால் தமிழ் வரும், ஆனால் எல்லாருக்கும் நீ, வா, போதான். 'நான்' என்பதற்கு 'நம்ம' என்பான். அவனை எல்லாரும் மாத்தயா என்றுதான் கூப்பிட வேண்டும், சிங்களத்தில் ஐயா. கிழவனும் இல்லை, இளந்தாரியும் இல்லை. மடியில் துப்பாக்கியை வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டே இருப்பான்.

ஒருநாள் சாப்பாட்டுக்குக் கைக்கட்டை அவிழ்த்த நேரம், "வெத்தலை போடுவியா?" என்று ஒரு சுருளை நீட்டினான்.

அத்தனை நாளைக்குப் பிறகு வெற்றிலையைக் கண்டதும் மயிலுவுக்குக் கை தானாகப் போனது. போனது இடது கை.

கன்னத்தில் அறை விழுந்தது.

"நம்மள என்னான்னு நெனைச்ச? எந்தக் கையில வாங்குற?"

"மன்னிச்சிருங்க மாத்தயா. பொறந்ததுல இருந்து இந்தக் கைதான் முந்திக்கிட்டு வரும்" என்று வலது கையை நீட்டினான் மயிலு.

குணபண்டா அந்த இடது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான். "அப்ப கட்டுறப்ப அந்தக் கையத்தான் இறுக்கணும்" என்றான். சுருளை வலது கையில் வைத்துவிட்டுப் போனான்.

மழை பிடித்தது. இன்னொரு நாள் குணபண்டா படியில் உட்கார்ந்திருக்க, அவன் காதுக்குப் பின்னால் ஓர் அட்டை ஊதிப் பருத்துத் தொங்கியது. அவனுக்குத் தெரியவில்லை. மயிலு சொன்னான். பிய்த்தால் ரத்தம் நிற்காது, சுண்ணாம்பு தொட்டால் தானாக விழும் என்றும் சொன்னான். தன் காதுக்குப் பின்னால் இருப்பதைத் தானே எப்படிப் பார்ப்பது? குணபண்டா சுண்ணாம்பு டப்பியைத் திறந்து நீட்டினான். துப்பாக்கியை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து கழுத்தைக் காட்டினான். மயிலு கட்டிய கையோடு விரலில் சுண்ணாம்பை எடுத்து அட்டையின் மேல் வைத்தான்.

அதற்குப் பிறகு அவனுக்குத் தண்ணீர் கேட்காமலே கிடைத்தது.

"ஒன்னத் தேடி ஒங்க ஆளுங்க வந்தாங்க" என்று ஒருநாள் குணபண்டா சொன்னான். "ஒரு பொம்பள. தலைவர். எல்லாருக்கும் இல்லன்னு சொல்லியாச்சு."

"நான் இருக்கேன்னு சொல்லக் கூடாதாங்க மாத்தயா?"

"யாரு சொல்லுறது? கேம்ப் சார்ஜன் இல்லன்னு சொன்னா இல்ல." வெற்றிலையைத் துப்பிவிட்டு, குரலைத் தாழ்த்தினான். "இல்லன்னு சொன்ன ஆள இங்க வச்சிக்கிட்டு இருக்க முடியாது. வெளங்குதா?"

விளங்கிவிட்டது. எங்களிடம் ஒரு பொய்யைச் சொல்லியாயிற்று. இனி அந்தப் பொய் உண்மையாக வேண்டும். அடுத்த வண்டி வருவதற்குள் அவன் இங்கே இருக்கிறான் என்பது வெளியே யாராவது ஒருவருக்காவது ருசுவோடு தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அவன் கதை முடிந்தது.

குணபண்டாவிடம் சொல்லியனுப்பக் கேட்டானாம். "நம்மளுக்கும் பொண்டாட்டி இருக்கு" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டான். மயிலு மறுபடி கேட்கவில்லை.

பிறகொரு நாள் குணபண்டாவே பேச்சுக் கொடுத்தான். "தோட்டத்துல என்னா வேலை நீ?"

"கவ்வாத்துங்க மாத்தயா."

குணபண்டாவின் வாய் மெல்லுவது நின்றது. "நம்மளுக்குக் கொஞ்சம் தேயிலை இருக்கு. வீட்டுக்குக் கீழ. கேம்புக்கு வந்ததுல இருந்து கை வைக்கல, மரமாப் போவுது. முன்ன ஒங்க ஆளுங்க வந்து வெட்டிக் குடுப்பாங்க. இப்ப ஒருத்தனும் எறங்குறது இல்ல."

"எப்பிடிங்க வருவாங்க? சந்தைக்குப் போனவனே இங்க கெடக்கேன்."

குணபண்டா சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே பார்த்தான். பிறகு கேட்டான்: "கத்தியக் கையில குடுத்தா நம்ம கழுத்த வெட்டுவியா?"

"வெட்டிட்டு எங்கங்க போறது? மேல ஒங்க கேம்ப், கீழ ஒங்க ஊரு."

"அது நல்ல பதில் இல்ல."

"நல்ல பதில் தெரியாதுங்க. நெசம் அதுதான்."

நான் உன்னை வெட்ட மாட்டேன் மாத்தயா, நீ எனக்குத் தெய்வம் என்று அவன் சொல்லியிருந்தால் குணபண்டா கத்தியைக் கொடுத்திருக்க மாட்டான் என்பது என் எண்ணம்.

கேம்ப் குசினியில் சமைக்க விறகு இல்லை, கீழே காட்டில் பொறுக்கலாம் என்று சார்ஜனிடம் சொல்லிப் பகலில் அவனைக் கீழே இறக்கிக்கொண்டு போனான். குணபண்டாவின் தேயிலை சின்னத் துண்டுதான். மேல் விளிம்பில் அவன் வீடு. கீழ் விளிம்பை ஒட்டி ஒரு ஒற்றையடிப் பாதை. மயிலு அந்தப் பாதையைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டான். எங்கள் தோட்டத்திலிருந்து ஸ்டேசனுக்கு இறங்குகிற குறுக்குப் பாதை அது. அவன் கல்யாணத்துக்குச் சாமான் வாங்க நாங்கள் நடந்த பாதை.

"வீட்டுப் பக்கமிருந்து தொடங்கு" என்றான் குணபண்டா.

"இல்லங்க மாத்தயா, கீழ இருந்துதான் வெட்டிக்கிட்டு ஏறணும். மேல இருந்து வெட்டுனா கொப்பெல்லாம் சரிஞ்சு கால்ல மாட்டும்."

பச்சைப் பொய். கவ்வாத்துக்காரன் எவனானாலும் மேலேயிருந்துதான் இறங்குவான். குணபண்டா அவனை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு, "சரி" என்றான். கைக்கட்டை அவிழ்த்து, கத்தியைக் கொடுத்து, துப்பாக்கியோடு ஒரு கல்லில் போய் உட்கார்ந்தான்.

மயிலு இடது கையில் கத்தியைப் பிடித்தான். பாதையை ஒட்டிய முதல் செடியை வெட்டினான். தோள்பட்டை உயிர் போகிற மாதிரி வலித்தது. நிறுத்தவில்லை. ஒரு கொப்பை விட்டான், அவன் வழக்கமாக விடுகிற பக்கம். அடுத்த செடிக்குப் போனான்.

நடுவில் குணபண்டாவின் மனைவி சோமாவதி பிளேன்டீயும் ஒரு துண்டுக் கித்துள் கருப்பட்டியும் கொண்டுவந்து கல்லின் மேல் வைத்தாள். மயிலு கத்தியைக் கீழே போட்டுவிட்டு வலது கையால் எடுத்தான். குணபண்டா அதைக் கவனித்தான்.

"எனக்கு அந்தத் தேத்தண்ணி எறங்கல மச்சான்" என்று மயிலு என்னிடம் சொன்னான். "தண்ணி குடுத்தவனுக்குக் குழி வெட்டுறோம்னு நெனைப்பு. ஆனா கை நிக்கல."

அடுத்தடுத்த நாளும் இறங்கினார்கள். கீழ்ப்பாதி முழுக்கத் தலையைத் திருப்பிக்கொண்டு நின்றது. பாதையில் மட்டும் ஆள் இல்லை. எங்கள் ஆட்கள் பயந்து ரோட்டைச் சுற்றித்தான் போவார்கள். ஒருநாள் பதுளையிலிருந்து மீன் கொண்டுவருகிற பவாஸ், கிராமத்துக்குப் போக சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். எங்கள் லயத்துக்கும் வருகிறவன், மயிலுவை நன்றாகத் தெரிந்தவன். துப்பாக்கியைக் கண்டதும் தலையைக் குனிந்தவன் திரும்பிப் பார்க்காமலே போய்விட்டான். பெயரைச் சொல்லிக் கத்தலாமா என்று மயிலுவுக்கு வாய்வரை வந்தது. குணபண்டாவின் கை துப்பாக்கியில் இருந்தது.

முதல் நாள் வெட்டிய செடிகளில் வெட்டுவாய் கறுக்கத் தொடங்கியது. பச்சையாக வெட்டினால் அது வெள்ளையாக இருக்கும், காய்ந்தால் பழுப்பு, பிறகு கறுப்பு. நன்றாகக் கறுத்துவிட்டால் எப்போது வெட்டியது என்று யாருக்கும் தெரியாது. தன் ஆயுசு அப்படிக் கறுத்துக்கொண்டு வருவதை அவன் தினமும் பார்த்துக்கொண்டு வேலை செய்தான்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள முடி" என்றான் குணபண்டா.

"ஏங்க மாத்தயா?"

"முடின்னா முடி."

புதன்கிழமை அன்னலட்சுமி பதுளைக்குப் போய்விட்டு வந்தாள். அங்கே ஒரு லாயரைப் பார்க்கப் போய், ருசு இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது என்ற பதிலோடு திரும்பியவள். ரோட்டில் செக்கிங்குக்காக பஸ்ஸை நிறுத்தி வைத்திருந்தார்கள். மழை வேறு. வருவது வரட்டும் என்று பஸ்ஸை விட்டு இறங்கிக் குறுக்குப் பாதையில் ஏறிவிட்டாள். அந்த நேரம் மயிலுவை மேலே கூட்டிப் போய்விட்டார்கள்.

நான் லயத்து வாசலில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தேன். தலை முழுக்க நனைந்து வந்து நின்றாள். முந்தானையை அவிழ்த்து ஒரு தேயிலைக் கொப்பை எடுத்து நீட்டினாள்.

"என்னா புள்ள இது?"

"யாரு வெட்டுன்னு பாரு அண்ணே."

திருப்பிப் பார்த்தேன். சரிவு தலைகீழாக இருந்தது. பிசிறில்லாத ஒரே வீச்சு. வெட்டுவாய் இன்னும் வெள்ளை. விரலால் தொட்டால் ஈரம்.

"பீச்சாங்கை வெட்டு" என்றேன்.

"எப்ப வெட்டினது?"

"இன்னைக்கு."

அவள் அங்கேயே சகதியில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. "பாதி மலை அப்பிடி நிக்குது அண்ணே. எல்லாம் எல்லப் பக்கம் பாத்துக்கிட்டு" என்றாள்.

நான் தலைவரைக் கூப்பிட்டு யோசிப்போம், அவசரப்பட்டால் அவனை உடனே கொன்றுவிடுவார்கள் என்றேன். அது யாருடைய தேயிலை என்று எல்லாருக்கும் தெரியும். மறுநாள் மத்தியானம் அவள் ஒரு கட்டு வெற்றிலை எடுத்துக்கொண்டு குணபண்டா வீட்டுக்கே இறங்கினாள். நான் திட்டிக்கொண்டே பின்னால் போனேன். அன்று மயிலுவை வேலைக்கு இறக்கவில்லை, குணபண்டா கேம்பில் இருந்தான். சோமாவதி வாசலில் நெல் காய வைத்துக்கொண்டிருந்தாள்.

"இங்க ஒருத்தரும் இல்ல. போ" என்றாள் எங்களைக் கண்டதும்.

அன்னலட்சுமி வெற்றிலைக் கட்டை இரண்டு கையாலும் நீட்டி மண்டியிட்டாள். இந்த வழக்கம் அவர்களுக்கும் உண்டு, எங்களுக்கும் உண்டு. மண்டியிட்டு நீட்டிய வெற்றிலையை வாங்காமல் விடுவது லேசான காரியமில்லை. சோமாவதி மேலே கேம்ப் பக்கம் பார்த்தாள். அப்புறம் வாங்கிக்கொண்டாள்.

"நாளைக்கு ஒங்க ஆளுங்க வேலைக்குப் போக வேணாம்" என்றாள் நெல்லைக் கிளறிக்கொண்டே. "காலையில கேம்ப் ரோட்டுல நில்லுங்க. எல்லாரும் நில்லுங்க."

வெள்ளிக்கிழமை விடிந்ததும் குணபண்டா தேயிலை அறைக்குள் வந்தான். மயிலுவின் கைக்கட்டைச் சரிபார்க்கிற மாதிரி குனிந்தான்.

"ஒன் பொண்டாட்டி நம்ம வீட்டுக்கு வெத்தலை கொண்டாந்தா."

மயிலு கண்ணை மூடிக்கொண்டான். அடி விழும் என்று நினைத்தான்.

"கீழ இருந்து வெட்டணும்னு நீ சொன்னப்ப நம்மளுக்குத் தெரியாதுன்னா நெனைச்ச? நம்மளும் தேயிலைக்காரன்."

"தெரிஞ்சா ஏங்க விட்டீங்க?"

"தேயிலை வெட்டுப்படணுமே." கயிற்றை இறுக்கினான், இடது கையைத்தான். "நீ நம்ம தேயிலைக்கு வந்தது சார்ஜனுக்குத் தெரியாது. காட்டுல வெறகு பொறுக்குனன்னுதான் நெனைப்பு. அது அப்பிடியே இருக்கணும். யாரு கேட்டாலும் நீ வரல்ல, நம்ம கூட்டிப் போகல்ல. வெளங்குதா?"

"செத்தாலும் சொல்ல மாட்டேங்க."

"சாவுறத அப்புறம் பாக்கலாம்" என்று எழுந்து போனான்.

அன்று எங்கள் டிவிசனில் பெரட்டுக்கு யாரும் போகவில்லை. பெண்கள் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டபடியே ரோட்டுக்கு இறங்கினார்கள். மூடுபனியில் கேம்ப் வாசலுக்கு எதிரே ரோட்டை அடைத்து நின்றோம். பின்னால் லொறிகளும் ஒரு பஸ்ஸும் நின்றுவிட்டன. பஸ்ஸில் இருந்தவர்கள் இறங்கி வேடிக்கை பார்த்தார்கள். ஜன்னல் அடைத்த வண்டி கேம்புக்குள்ளிருந்து வாசலுக்கு வந்து, போக வழியில்லாமல் நின்றது. சார்ஜன் இறங்கி வந்தான். வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு குணபண்டா நின்றான்.

தலைவர் பெயரைச் சொன்னார். சார்ஜன் அப்படி ஒருவன் இங்கே இல்லை, எத்தனை தடவை சொல்வது என்றான். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இன்னும் கொஞ்ச நேரம் போனால் துப்பாக்கியைத் தூக்குவார்கள், கூட்டம் ஒதுங்கும், வண்டி போய்விடும். எல்லாருக்கும் அது தெரிந்தது.

அன்னலட்சுமி முன்னால் போனாள். மடியிலிருந்து அந்தக் கொப்பை எடுத்தாள்.

"இது அவரு வெட்டுனதுங்க. பாருங்க, இந்தப் பக்கம் சரிஞ்சிருக்கு. இந்த ஊருலயே பீச்சாங்கைக் கவ்வாத்துக்காரரு அவரு ஒருத்தருதான். புதன்கிழமை எடுத்தேன், ஈரமா இருந்துச்சு. ஸ்டேசன் பாதையில, அந்தா கதவப் புடிச்சிக்கிட்டு நிக்கிறாரே காவக்கார ராளஹாமி, அவரு வீட்டுத் தேயிலையில பாதி மலை அப்பிடி நிக்குது. போய்ப் பாருங்க. அவரு இங்கதான் இருக்காரு."

நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அதற்குள் எல்லாம் சொல்லி முடித்துவிட்டாள். எங்கள் ஆட்களுக்கு வெட்டைக் காட்டினால் போதும், அதற்கு மேல் சாட்சி கிடையாது. யார் நிரை, யார் வெட்டு என்று காட்டித்தான் நாங்கள் பிறந்ததிலிருந்து எல்லா வழக்கும் பேசியிருக்கிறோம். அதில் இன்னொரு மனிதனின் கழுத்து மாட்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

விடியற்காலையே ஏற்றப்பட்டு வண்டிக்குள்ளே கிடந்த மயிலு ஒவ்வொரு சொல்லையும் கேட்டான். வாயை மூடச் சொல்லிக் கத்தினானாம். வாயில் துணி. காலால் வண்டியின் தகரத்தை உதைத்தான். அந்தச் சத்தம் ரோடு முழுக்கக் கேட்டது. பஸ்ஸில் வந்தவர்களுக்கும் கேட்டது.

சார்ஜன் திரும்பிக் குணபண்டாவைப் பார்த்தான். குணபண்டா எங்களைப் பார்க்கவில்லை, பாதை இறங்குகிற பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லார் முன்னாலும் அவன் கையிலிருந்த துப்பாக்கியை வாங்கினார்கள். குணபண்டாவின் இடுப்பில் இருந்த பெல்ட்டையும் கழற்றச் சொன்னார்கள்.

இவ்வளவு கண் பார்த்த பிறகு மயிலுவை இல்லாமல் செய்ய முடியவில்லை. போலீஸில் பெயர் பதிந்து, கோர்ட்டுக்குக் கொண்டுபோய், பதுளைச் சிறையில் போட்டார்கள். முதல் தடவை பார்க்கப் போனபோது கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அவன் கேட்டது ஒரே கேள்வி.

"ஏன் புள்ள கொப்பக் காட்டுன?"

"காட்டுறதுக்கு என்கிட்ட வேற என்னா இருந்துச்சு?" என்றாள் அன்னலட்சுமி.

சண்டை முடிந்தும் நெடுநாள் கழித்துத்தான் விட்டார்கள். குற்றம் செய்தான் என்றும் சொல்லவில்லை, செய்யவில்லை என்றும் சொல்லவில்லை. வந்த மறுநாளே பெரட்டுக்குப் போனான். இடது கை முன்போல் உயராததால் அவன் வெட்டில் கொஞ்சம் பிசிறு வந்தது. சரிவு மட்டும் மாறவில்லை. செடிகளைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் வேடிக்கை பேசுவதில்லை.

குணபண்டாவை அடித்ததாகக் கேள்விப்பட்டோம். சண்டை நடக்கிற எல்லைப் பக்கம் ஒரு காவலரணுக்கு அனுப்பினார்கள். சண்டை முடிந்து வரும்போது வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை. தேயிலையை அவன் அதற்குப் பிறகு தொடவில்லை. அந்த வழியை விட்டு மயிலு ரோட்டைச் சுற்றித்தான் ஸ்டேசனுக்குப் போவான். மழையென்றாலும் அப்படித்தான்.

போன மாசம் மயிலுவுக்குத் தோட்டத்து வேலை முடிந்தது, ஓய்வு வயதாகிவிட்டது. மறுநாள் கத்தியையும் ஒரு கட்டு வெற்றிலையையும் எடுத்துக்கொண்டு, "மச்சான், வாரியா?" என்றான். எங்கே என்று நான் கேட்கவில்லை.

குணபண்டா வாசலில் உட்கார்ந்திருந்தான். நரைத்துப் போயிருந்தான். வலது கைச் சட்டையை மடித்துப் பின் குத்தியிருந்தது. மயிலு குனிந்து, வெற்றிலைக் கட்டை வலது கையில் வைத்து, இடது கையால் தன் வலது முழங்கையைத் தொட்டுக்கொண்டு நீட்டினான்.

குணபண்டா கட்டைப் பார்த்தான். தன்னிடம் இருந்த ஒரு கையைப் பார்த்தான். நீட்டவில்லை.

"கீழ வை" என்றான். "நம்மகிட்ட இப்ப ஒன்னோட பீச்சாங்கைதான் மிச்சம்."

மயிலு கட்டைப் படியில் வைத்தான். உள்ளே சோமாவதி இருமுகிற சத்தம் கேட்டது.

"மேல் பாதி அப்பிடியே கெடக்கு" என்றான் மயிலு கடைசியில்.

"கெடக்கு."

"வெட்டவா மாத்தயா?"

குணபண்டா தேயிலைப் பக்கம் முகத்தைத் திருப்பினான். மயிலு வீட்டுக்குப் பக்கத்தில், மேலேயிருந்து முதல் செடிக்குப் போனான். செடி என்று சொல்லக் கூடாது. தலைக்கு மேலே வளர்ந்த மரம், தண்டு தொடைக் கனம். இடது கையால் வீசினான். கத்தி கொஞ்சம் இறங்கி மாட்டிக்கொண்டது. உருவி மறுபடி வீசினான். மறுபடி மாட்டியது.

"அதுல கத்தி ஏறாது மச்சான். மரம் அறுக்கிற வாள் வேணும்" என்றேன்.

அவன் காதில் வாங்கவில்லை. நான் வாள் எடுத்து வர லயத்துக்கு ஏறினேன். திரும்பி வந்தபோதும் அவன் அதே மரத்தில்தான் நின்று வெட்டிக்கொண்டிருந்தான். குணபண்டா படியை விட்டு இறங்கி, மரம் சாயாதபடி தன் ஒற்றைக் கையால் அதைப் பிடித்துக்கொண்டு நின்றான். வெற்றிலைக் கட்டு வைத்த இடத்திலேயே இருந்தது.